சரளைக்கு அவ்வளவு காற்று வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கிராவல் சைக்கிள், அதாவது சரளையிலும் மண்சாலையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க ஆரம்பித்தேன். மண்சாலையையும் காட்டுத்தடத்தையும் பற்றி ஒரு பொது இதழ் இத்தனை பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. ஆனால் அதில் ஒரு வரி தவறு. அதை நம்பி யாராவது கிளம்பினால் முதல் வளைவிலேயே முட்டியைச் சிராய்த்துக்கொண்டு திரும்புவார். அதனால்தான் இந்தக் கடிதம்.

டயரில் காற்றை நன்றாக ஏற்றிக்கொண்டால் மண்சாலையிலும் வேகம் குறையாது என்கிறது கட்டுரை. வழவழப்பான தார்ச்சாலைக்கு வேண்டுமானால் இது ஓரளவு பொருந்தும். சரளையில் கதையே வேறு. விறைத்து நிற்கும் டயர் ஒரு கல்லின் மேல் ஏறும்போது மடங்கிக் கொடுக்காது. சைக்கிளையும் ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்கிப் போடும். முன்னே தள்ள வேண்டிய பலத்தில் ஒரு பங்கு மேலே எழும்புவதிலேயே போய்விடுகிறது. போதாததற்கு ஒவ்வொரு குலுக்கலையும் நம் தொடையும் தோளும் கையும் வாங்கிக்கொள்கின்றன. அப்படி உடம்பு உறிஞ்சும் ஆற்றல் வெறும் சூடாகி வீணாகிறது. கொஞ்ச தூரத்திலேயே உள்ளங்கை மரத்துப்போவதும் இதனால்தான். காற்று குறைவாக இருந்தால் கல் இருக்கும் இடத்தில் டயர் உள்வாங்கிக்கொள்ளும், சக்கரம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் உருண்டு போகும். களைப்பு குறையும், வேகமும் கூடும். சாலைப் பந்தயக்காரர்களே இப்போது பழைய 23 மில்லிமீட்டர் டயர்களைக் கைவிட்டு 28, 30 என்று அகலமான டயர்களில் குறைந்த காற்றோடு ஓடுகிறார்கள்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் பிடிமானம். கெட்டியான டயரில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது சின்னஞ்சிறு ரப்பர் திட்டுதான். உதிரிக் கற்கள் பரவிய வளைவில் திரும்பும்போது அந்தத் திட்டுக்கு அடியில் கற்களே உருள ஆரம்பித்துவிடும். ஹேண்டில்பாரில் முதலில் ஒரு லேசான தளர்வு தெரியும், 'சர்ர்' என்று ஒரு சத்தம், முன்சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் நழுவினால் சமாளிக்க நேரமே கிடைக்காது.

சரி, எவ்வளவு காற்று வைப்பது? ஓட்டுபவரின் எடை, டயரின் அகலம், பாதையின் கரடுமுரடு எல்லாவற்றையும் பொறுத்தது. கிராவல் சைக்கிளில் பொதுவாக வருவது 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயரில் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தை ஒட்டித் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். பின்சக்கரம் அதிக எடை தாங்குவதால் அதில் இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாக இருக்கட்டும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதுவரை ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது உச்சவரம்பு, அவ்வளவுதான். அதற்குமேல் போகாதே என்று சொல்வதே தவிர, அதுவரை ஏற்று என்று சொல்வதில்லை. இதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. கல்லில் மோதும்போது ரிம் 'டங்' என்று அடிபட்டால், அல்லது திரும்பும்போது டயர் அடியில் நெளிகிற மாதிரி இருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். உள்ளே ட்யூப் போட்டவர்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றித்தான் வைக்க வேண்டும். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி.

ட்யூப்லெஸ்ஸைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டது. ஆள் நடமாட்டமில்லாத பாதையில் போகிறவருக்கு அதுதான் பெரிய துணை. டயருக்குள் அடைப்புத் திரவம் கொஞ்சம் ஊற்றி வைத்திருப்பார்கள். முள் குத்தியதும் அந்த இடத்திலிருந்து பால் நிறத்தில் திரவம் பீய்ச்சிக்கொண்டு வரும், சக்கரம் சுற்றச் சுற்றக் காலிலும் சட்டத்திலும் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். ஓட்டை இருக்கும் இடம் கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கி ஒரு ரப்பர் பொருக்கு அடைத்துக்கொள்ளும். பக்கச்சுவர் கிழிந்துபோனால் இது உதவாது. அதற்குத்தான் ஒரு ட்யூபும் சின்ன பம்பும் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதையும் பலர் மறந்துபோகிறார்கள்.

ஓட்டும் முறையிலும் கவனம் வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபிறகு பிரேக் பிடித்தால் இருக்கிற பிடிமானமும் போய்விடும். கையை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையை மடக்கி வைத்தால் முன்சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் மண்ணைக் கிளறிக்கொண்டு அங்கேயே சுற்றும். குறைந்த கியரில் உட்கார்ந்தே ஏறுங்கள்.

இனி சைக்கிள். இதற்கென்றே செய்த வண்டி இல்லாவிட்டால் மண்பாதைப் பக்கம் போகவே முடியாது என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. கிராவல் சைக்கிள் நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. சக்கரங்களுக்கு இடையே நீளம் சற்று அதிகம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை கொஞ்சம் சாய்வு. அதனால் இறக்கத்தில் நிதானம் தப்பாது. ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதி வெளியே விரிந்திருப்பதால் கரடான இடத்தில் பிடிக்க வசதி. டிஸ்க் பிரேக் சேற்றிலும் வேலை செய்யும். ஆனால் இங்கிலாந்தில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்ற சங்கம் 1955-இலேயே தொடங்கிவிட்டது. அதில் இருந்தவர்கள் சாதாரணச் சுற்றுலா சைக்கிள்களில் மலைத்தடங்களைக் கடந்தார்கள், ஓட்ட முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியபோது ஓடிய சாலைகளும் பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளின் சட்டத்திலும் கவையிலும் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 38 மில்லிமீட்டர் டயர் உரசாமல் சுற்றினால் புதிய வண்டியைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் 1880-இல் சைக்கிள்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். சேறும் பள்ளமுமான சாலைகளைச் சரிசெய்யச் சொல்லிப் பெரிய இயக்கமே நடத்தினார்கள், பத்திரிகைகூட வெளியிட்டார்கள். கார்கள் சாலையை நிறைப்பதற்கு முன்பே நல்ல சாலை கேட்டுக் கொடி பிடித்தவர்கள் அவர்கள். இத்தாலியில் 1997-இல் நிலைமை தலைகீழ். டஸ்கனி பகுதியின் வெள்ளைச் சரளைச் சாலைகள்மீது தார் போட்டு மூடிவிடக் கூடாது என்பதற்காகவே 'லெரோய்கா' என்ற பழைய சைக்கிள் ஊர்வலத்தை அங்கே தொடங்கினார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் ஹேண்டில்பார் டேப்பின் நிறங்களைப் பற்றிய பத்தியைத் தவிர்த்திருக்கலாம்.

பந்தயங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் முழுவதும் போயிருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் 2006 முதல் நடந்துவரும், இன்று 'அன்பவுண்ட்' என்று பெயர் பெற்ற 200 மைல் பந்தயமும், 2022-இல் இத்தாலியில் தொடங்கிய கிராவல் உலக சாம்பியன் போட்டியும் பெரிய விஷயங்கள்தான். பந்தயத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்று பந்தயம் நடக்கிறது என்று பாதையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மற்ற நாட்களில் அதே பாதையில் போகிறவர் பந்தயக்காரரைப் போல ஓட்டலாம் என்று வாசகருக்குத் தோன்றும்படி எழுதியதுதான் உறுத்துகிறது.

'ஆளரவமற்ற காட்டுத்தடம்' என்று கட்டுரை வர்ணிக்கிறது. ஆளரவம் இல்லாததுபோல் தெரியும், அவ்வளவுதான். அந்த வளைவுக்கு அப்பால் நடந்து வருகிற ஒருவர் இருக்கலாம், குதிரை இருக்கலாம், குட்டியோடு ஏதாவது விலங்கு நிற்கலாம். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால், நடந்து வருபவரைக் காட்டிலும் அதுதான் விலங்கை அதிகம் திடுக்கிட வைக்கும். கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் காட்டுக்குள் போகக் கூடாது. மணியை முன்கூட்டியே அடிக்க வேண்டும். பின்னாலிருந்து குதிரையை நெருங்கினால் மணிகூட வேண்டாம், குரல் கொடுப்பது நல்லது. மனிதக் குரல் அதற்குப் பழக்கம். மேய்ச்சல் நிலத்தின் படலைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்தே கிடந்தால் திறந்தபடி விட வேண்டும். திறந்து வைத்தவருக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இன்னொன்று, மழை. நனைந்து குழைந்த மண்ணில் டயர் போட்ட கோடு காய்ந்ததும் அப்படியே கெட்டிப்பட்டுவிடும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், மண்ணை அரித்துக்கொண்டு போகும், கோடு வாய்க்காலாகிவிடும். அப்புறம் அதைத் தவிர்க்க ஆட்கள் ஓரமாகப் போகப் போகப் பாதை இரண்டு பக்கமும் அகலமாகி, செடிகள் மிதிபடும். சக்கரம் ஒட்டி ஒட்டி வந்து சட்டத்தில் சேறு அப்ப ஆரம்பித்தால் திரும்பிவிடுவதுதான் வழி. சரளை கொட்டிய சாலையில் தண்ணீர் வடிந்துவிடும், அங்கே போய் ஓட்டலாம். நடுவில் சேற்றுக்குட்டை இருந்தால் அதற்குள்ளேயே நேராகப் போகலாம், சுற்றிப் போக வேண்டாம். வீடு திரும்பியதும் டயரில் ஒட்டிய மண்ணைக் கழுவுவது வண்டியின் அழகுக்காக மட்டுமல்ல. அந்த மண்ணோடு ஒரு காட்டின் களைவிதை இன்னொரு காட்டுக்குப் போய்விடும்.

கட்டுரையின் நடுவில் ஒரு பெரிய படம் இருக்கிறது: பின்பிரேக்கை அழுத்திப் பிடித்து, சக்கரத்தை இழுத்துக்கொண்டு, புழுதி கிளம்ப ஒருவர் வளைகிறார். பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. தடத்தை இதைவிட வேகமாகக் கெடுக்கும் வழி அதிகம் இல்லை. அப்படி இழுத்த ஒவ்வொரு இடத்திலும் மேல்மண் பெயர்ந்துவிடுகிறது. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் மிதமாகப் பிடித்து, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்படி இறங்குகிற ஒருவர் இந்த அளவுக்குப் படத்தில் எடுபட மாட்டார் என்பது எனக்கும் புரிகிறது.

அடுத்த இதழில் காற்றழுத்தம் பற்றிய திருத்தத்தைச் சின்னப் பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் போதும். தொடராக எழுதும் எண்ணம் இருந்தால், பாதைகளைப் பராமரிப்பவர்களிடம் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். எந்தத் தடம் எந்த மாதத்தில் மூடியிருக்கும், எங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இடம் போதாதென்றால் பந்தயப் பக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்