ஜவ்வாது மலை ஊழியப் பயணம்: படம் தந்தவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மருத்துவ முகாமும் பிள்ளைகளுக்கான வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளும் நல்லபடியாக முடிந்தன. டாக்டர்களுக்கும் சமையலுக்கு நின்றவர்களுக்கும் ஆராதனையிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. செல்போன் கேமரா விஷயத்தில் துணை நின்றவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி, "படம் வேண்டாம்" என்று சொன்ன தாய்மார்களுக்கு. இலவச மருந்துக்காக வரிசையில் நிற்கும்போது, மருந்து கொண்டுவந்தவர்கள் கேட்பதை மறுப்பது லேசான காரியமில்லை. அதனால்தான் வரிசையில் வைத்துச் சம்மதம் கேட்கக் கூடாது. மருந்து கைக்கு வந்து, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்க வேண்டும். படம் எங்கே போகும் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும்: சபை அறிவிப்புப் பலகைக்கா, மாதப் பத்திரிகைக்கா, ஃபேஸ்புக்குக்கா? பத்திரிகைக்குச் சரி என்பவர் ஃபேஸ்புக்குக்கு மறுக்கலாம். பொத்தாம்பொதுவாக "ஒரு படம் எடுத்துக்கலாமா அம்மா?" என்று கேட்டால் இந்த வேறுபாடு தெரியவே வராது.

உபதேசியார் ஐயா அவர்களுக்கு நன்றி. முதல் நாள் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றவர் அவர். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி, கோயில் பக்கமும் பெண்கள் தண்ணீர் எடுக்கும் இடத்திலும் கேமராவைத் தூக்கக் கூடாது என்று எல்லை வகுத்துத் தந்தார். ஞானஸ்நானப் படங்கள் பற்றி அவர் சொன்னதை எல்லாச் சபைகளும் கேட்க வேண்டும். தன் விசுவாசத்தை வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது அந்த மனிதரின் உரிமை. நம் வாட்ஸாப் குழு அதை முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்தாலே போதும்.

பள்ளி ஆசிரியை அவர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி. பிள்ளையின் பெயரை எழுதாவிட்டாலும் சீருடை பேட்ஜும் பின்னாலுள்ள பெயர்ப் பலகையும் நோட்டு அட்டையும் ஊரையும் பெயரையும் சொல்லிவிடும் என்று சுட்டிக்காட்டியவர் ஆசிரியைதான். காப்பகத்தில் வளரும் பிள்ளைகள் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அவர்களை அடையாளம் காட்டும் பெயர், பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளே, உங்கள் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. மலை ஏறும் முன்பே எல்லார் போனிலும் கேமரா அமைப்புகளில் இருப்பிடக் குறிப்பை அணைத்து வைத்தீர்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், ஆனால் படமும் சுருங்கும். அச்சுக்காக டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் முழுசாகப் போகும், எடுத்த இடமும் கூடவே போகும். ஆகவே எடுக்கும் முன்பே அணைப்பதுதான் வழி. சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும் என்று ஏரோப்ளேன் மோடில் போடவைத்தீர்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 பேட்டரியை இரண்டு முறை நிரப்பாது, மின்னழுத்தம் மாறும்போதே கணிசமாக வீணாகும் என்று கணக்குப் போட்டு எடுத்துவந்தீர்கள்.

எடுக்கும் விதத்திலும் உங்கள் கவனம் தெரிந்தது. போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம். முகத்துக்கு அருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது ஒடுங்கும். இரண்டடி பின்னால் நகர்ந்து 2எக்ஸ் ஜூம் வைத்தீர்கள். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும் என்று திண்ணை நிழலுக்கு அழைத்தீர்கள். பின்னால் வெளிச்சமான வானம் இருந்தால் கேமரா அதற்கேற்ப அளந்து கறுத்த முகத்தை இன்னும் இருட்டாக்கும். முகத்தின் மேல் விரலால் தொட்டு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். அழகாக்கும் ஃபில்டரை அணைத்ததற்குத் தனி நன்றி. அவர்கள் நிறம் அவர்களுடையது. பிள்ளைகளை எடுக்கும்போது குந்தி உட்கார்ந்து எடுத்ததால், மேலிருந்து பார்க்கும் பார்வை எந்தப் படத்திலும் இல்லை.

பொருளாளர் அண்ணன் காணிக்கை வேண்டுகோளுக்கு அழுத பிள்ளையின் படம் வேண்டாம் என்று நின்றார். துயரத்தைப் படமெடுப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. 1904இல் காங்கோவின் பாரிங்காவில் மிஷனரி ஆலிஸ் ஹாரிஸ், வெட்டப்பட்ட மகளின் கையையும் பாதத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்த தகப்பன் ந்சாலாவைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் இங்கிலாந்தில் கூட்டம் கூட்டமாகக் காட்டப்பட்டன. 1908இல் காங்கோ, அதைத் தன் சொந்த உடைமையாக வைத்திருந்த பெல்ஜிய அரசர் லியோபோல்டின் கையைவிட்டுப் போனதில் அவற்றுக்கும் பங்குண்டு. அந்தப் படம் கொடுமை செய்தவனைக் காட்டிக்கொடுத்தது. மூக்கொழுகும் பிள்ளையின் படம் யாரைக் காட்டிக்கொடுக்கிறது? அதன் தாயைத்தான். அண்ணன் அதற்குப் பதிலாக மருந்துப் பெட்டிகளையும் செலவுக் கணக்கையும் படமாக வைத்தார்.

நேரலை கேட்காமல் காத்திருந்த சபையாருக்கும் நன்றி. குழு கீழே இறங்கிய பிறகே படங்கள் வெளியாயின.

4×6 அளவில் அச்சிட்ட படங்கள் உபதேசியார் வீட்டில் உள்ளன. படத்தில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம். முன்பு சம்மதித்தவர் இப்போது வேண்டாம் என்றாலும் உபதேசியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. படங்களைச் சேமித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அழித்த படம் ஐபோனில் 30 நாள் வரையிலும், கூகுள் போட்டோஸில் ஏற்றப்பட்டிருந்தால் 60 நாளும் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அங்கேயும் போய் அழித்துவிட்டு உபதேசியாருக்குத் தகவல் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஊழியப் பயணக் குழுவினர்