தாதர் டி.டி. போகும் பஸ்ஸுக்கு வழி விடுங்கள்

அன்புள்ள மும்பை மாட்டுங்கா, சயான் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். கிங் சர்க்கிள் ஸ்டாப்பில் இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஏறுகிறவள் எழுதுகிறேன். அம்பேத்கர் சாலையில் தினமும் காரில் போகிற உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன வாரம் நல்ல மழை. ஸ்டாப்பை ஒட்டி நாலு கார்கள் வரிசையாக நின்றன. ஒருவர் மார்க்கெட்டில் வாழை இலை வாங்கப் போயிருந்தார், மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. பஸ் ஓரத்துக்கு வர முடியாமல் நடுரோட்டில் நின்றது. என் பக்கத்தில் தாராவிக்குப் போகிற ஒரு அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், கையில் காய்கறிப் பை. நடைமேடையிலிருந்து ஏறினால் பஸ் படி ஒரு எட்டுதான். ரோட்டிலிருந்து ஏறும்போது அது முழங்கால் உயரம். அவர் ஒரு காலைத் தூக்கி வைத்தார், கம்பி வழுக்கியது, பை கீழே விழுந்து தக்காளி தண்ணீரில் மிதந்தது. கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டதால் அவர் விழவில்லை. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தபடியே இருந்தன.

தாதர் டி.டி. என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அது ட்ராம் டெர்மினஸ். பம்பாயில் 1874-இல் குதிரை இழுத்த ட்ராம் வந்தது, 1907-இல் மின்சார ட்ராம். 1964 மார்ச் 31 இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி வண்டி ஓடியது. வழியெல்லாம் ஜனங்கள் நின்று அதை வழியனுப்பினார்கள். ட்ராம் நஷ்டத்தில் ஓடியது, ரோட்டில் மற்ற வண்டிகளும் பெருகிவிட்டன, அதனால் நிறுத்தினார்கள். சரி, அது முடிந்த கதை. ஆனால் ட்ராம் போன இடத்துக்குப் பஸ் வந்தது, இப்போது பஸ்ஸுக்கும் அதே நெருக்கடி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்த நகரத்தில் நாலாயிரத்துக்கு மேல் பஸ்கள் ஓடின. இன்று அவ்வளவு இல்லை. 2019-இல் ஐந்து ரூபாயாகக் குறைத்த குறைந்தபட்சக் கட்டணம் 2025 மே மாதத்தில் பத்து ரூபாய் ஆகிவிட்டது. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஐந்து ரூபாய் பெரிசு. இரண்டு மடங்கு கொடுத்தும் அதே நெரிசலில்தான் நிற்கிறார்கள்.

மெட்ரோ வந்துவிட்டதே என்பீர்கள். நல்லதுதான், நானும் போகிறேன். ஆனால் அது தாராவி, தாதர் மேற்கு என்று வேறு வழியில் போகிறது. மாட்டுங்காவிலிருந்து பரேல் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் நோயாளிக்கு வாசலில் இறக்கிவிடுவது பஸ்தான். 2011-இல் திறந்த லால்பாக் மேம்பாலத்தில் கார் பறக்கும். ஸ்டாப் ஸ்டாப்பாக நிற்க வேண்டிய பஸ் கீழேதான் ஊர வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு கார் இருக்கிறது. மகன் ஓட்டுகிறான், அதனால் இதை அவனிடமும் சொல்லியாகிவிட்டது. ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தாதீர்கள், இரண்டு நிமிஷம்தான் என்றாலும் வேண்டாம்.

அப்புறம், இன்னொன்று கொஞ்சம் பெரிய விஷயம். சயானிலிருந்து தாதர் டி.டி. வரை காலையும் மாலையும் ரோட்டில் ஒரு வரிசையைப் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கச் சொல்லி நாமே கேட்க வேண்டும். ஒரு வரிசை போனால் காருக்கு இடம் குறையும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள், அதன் முன்னால் நிற்கிற காரில் பெரும்பாலும் ஒருவர்தான். நம் குடியிருப்புச் சொசைட்டிக் கூட்டங்களில் பார்க்கிங் பேச்சு வராத நாளில்லை, பஸ் பேச்சை யாரும் எடுத்ததில்லை. அடுத்த கூட்டத்தில் எடுங்கள். தீர்மானம் போட்டு மாநகராட்சிக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் அனுப்புங்கள். கார் வைத்திருக்கிறவர்களே கேட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எங்கள் சொசைட்டிக்கு மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன். மராத்தியில் சரிபார்த்துத் தர யாராவது முன்வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கிங் சர்க்கிள் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பயணி