செவ்வாய் ஆட்டத்துக்கு மிருகங்கள் தேவை

நண்பர்களே, மேசைமேல் குட்டிப் பொம்மைகளை வைத்து நாம் ஆடும் அடுத்த மாத ஆட்டம், எழுத்தாளர் எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கிரகத்தில். 1912இல் 'ஆல்-ஸ்டோரி' இதழில் தொடராக வந்த அதே கதைதான். அதில் வரும் மிருகங்களுக்கென்றே வார்த்த பொம்மைகளை வாங்கினால் கை கடிக்கும். பொம்மைக்கடையில் கிடைப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம்.

முக்கியமானது வெள்ளைக் குரங்கு. கதையில் அதற்கு நாலு கை, 10 முதல் 15 அடி உயரம். நம் 28 மி.மீ. உயர வீரன் பொம்மையை 6 அடி ஆளாக வைத்துக்கொண்டால், குரங்கு 47 முதல் 70 மி.மீ. வரை இருக்கலாம். ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் கொரில்லா வாங்குங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். அப்புறம் ஒன்றின் கைகளை அறுத்து, மற்றதன் விலாவில் கம்பி செருகி ஒட்டுங்கள். வெறும் பசை நிற்காது. கதையில் உச்சந்தலையைத் தவிர வெள்ளைக் குரங்குக்கு உடம்பில் முடியே கிடையாது. எனவே ரோமக் கோடுகள் மறையும்படி எம்-சீல் (பிசைந்து பூசும் ஒட்டுமாவு) பூசி, ஈர விரலால் நீவிவிடுங்கள்.

காலட் என்ற காவல் நாய்க்குப் பத்துக் கால், தவளை மாதிரித் தலை. நாய்ப் பொம்மையில் தவளைத் தலையை ஒட்டினால் போதும். காலை யார் எண்ணப் போகிறார்கள்? தோட் என்ற எட்டுக்கால் சவாரி மிருகம் இந்த முறை வேண்டாம், குதிரைகளை அறுத்து மாளாது.

யார் எதைச் செய்கிறீர்கள் என்று இங்கேயே போடுங்கள். நாலு பேரும் கொரில்லாவோடு வந்து நிற்க வேண்டாம். டைனோசர் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: ப்ளீஸ், வேண்டாம்.