ஆல்வேஸ் குழு: மூன்று அல்பங்களின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய இசை நிறுவனங்களைச் சாராத கனடிய 'இன்டி பொப்' குழுக்கள் பற்றிக் கடந்த வாரக் கலைப்பக்கத்தில் வந்த கட்டுரை ரொறன்ரோவின் ஆல்வேஸ் குழுவை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. ஒரு பாட்டு எடுபட்டதாம், பிறகு ஆளையே காணோமாம், ஐந்து வருடம் கழித்து மறுபடி அதிர்ஷ்டம் அடித்ததாம். இந்த 'ஆபத்து' நேராமல் இருக்க, ஆறு வாரத்துக்கு ஒரு பாட்டு வெளியிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு அறிவுரையும் தரப்பட்டிருக்கிறது. உதாரணத்துக்கு எடுத்த குழுவே அந்த அறிவுரைக்கு நேர் எதிரானது. 2014, 2017, 2022 என்று மூன்றே அல்பங்கள். அந்த இடைவெளிகளில் நடந்ததைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

முதலில், இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். பாடகி மொலி ராங்கின், கேப் பிரெட்டன் தீவின் புகழ்பெற்ற ராங்கின் ஃபமிலி குழுவில் பிடில் வாசித்த ஜோன் மொறிஸ் ராங்கினின் மகள். கீபோட் வாசிக்கும் கெரி மக்லெலன் சிறுவயதிலிருந்தே பக்கத்து வீட்டுத் தோழி. கிற்றார் வாசிக்கும் அலெக் ஓஹான்லி, பிரின்ஸ் எட்வேட் தீவின் டூ அவர்ஸ் ட்ராஃபிக் குழுவில் ஏற்கெனவே தொழில் பழகியவர். மொலி தனியாக ஒரு சிறு இசைத்தொகுப்பை 2010இலேயே வெளியிட்டிருந்தார்.

முதல் அல்பத்தை 2013இல் கல்கரியில், இசைக்கலைஞர் சாட் வன்காலனின் ஸ்ரூடியோவில் பதிந்தார்கள். கிரஹாம் வோல்ஷும் ஜோன் அக்னெலோவும் மிக்ஸிங் செய்தார்கள். வெளிவந்த நாள் 22 ஜூலை 2014. கனடாவில் றோயல் மவுண்டன், அமெரிக்காவில் பொலிவைனல், பிரித்தானியாவில் ட்ரான்ஸ்கிரெசிவ் என்று மூன்று நிறுவனங்கள் வெளியிட்டன. இப்படி நாடு நாடாக உரிமையைப் பிரித்துக் கொடுப்பது சிறு குழுக்களுக்கு வாய்ப்பான வழி. அந்தந்த நாட்டின் வானொலி, கடை, அரங்கு எல்லாம் அங்குள்ள நிறுவனத்துக்குத்தான் அத்துபடி. ஒரு நாட்டில் விற்பனை படுத்தாலும், அங்குள்ள நிறுவனம் முற்பணமாகக் கொடுத்த கடனை இன்னொரு நாட்டு வருமானத்தில் கழிக்க முடியாது. ஒப்பந்தங்கள் தனித்தனியாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. பதிலுக்கு மூன்று தரப்பும் ஒரே நாளில் வெளியிட வேண்டும். ஒன்று பிந்தினால் அந்த நாட்டு ரசிகர் இறக்குமதித் தட்டையோ திருட்டுக் கோப்பையோ தேடிப் போய்விடுவார். இந்த ஒழுங்குகளுக்கே மாதங்கள் பிடிக்கும். பலன் கிடைத்தது: அமெரிக்கக் கல்லூரி வானொலிப் பட்டியலில் அந்த அல்பம் முதலிடம் பிடித்தது.

அல்பத்தில் ஒன்பதே பாட்டுகள், மொத்தம் 33 நிமிடம் வரை. கஞ்சத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் 33⅓ வேகத்தில் சுழலும் 12 அங்குல வைனல் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் வரைதான் முழுச் சத்தத்தில் வெட்டலாம். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும். ஒலி அளவு குறையும், பேஸ் எனும் தாழ்ந்த ஓசை மெலியும். தட்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்க 'ச', 'ஸ்' ஓசைகள் பிசிறடிக்கும். குரலை எதிரொலியில் ஊறவைத்து, இரைச்சலான கிற்றாரை அதன்மேல் போர்த்தும் இவர்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய தலையிடி. மூன்றாவது அல்பத்தில் 14 பாட்டுகள் இருந்தும் மொத்தம் 40 நிமிடத்தைத் தாண்டவில்லை. நீளமான அல்பத்தை இரண்டு தட்டாக அச்சடித்தால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதையும் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

'அன்டிசோஷலைட்ஸ்' என்ற இரண்டாவது அல்பம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஜோன் கொங்கிள்டனுடன் லொஸ் ஏஞ்சலிஸில் பதிந்து, 2017 செப்ரெம்பரில் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் சிறந்த மாற்று இசை அல்பத்துக்கான ஜூனோ என்ற கனடிய இசை விருது கிடைத்தது.

இனி, கட்டுரை 'காணோம்' என்று சொன்ன ஐந்து வருடம். மொலியின் வீட்டில் புகுந்த திருடன், புதுப் பாட்டுகளின் மாதிரிப் பதிவுகள் இருந்த ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் நிலக்கீழ் அறையில் வெள்ளம் ஏறி, வாத்தியங்களும் கருவிகளும் பாழாகும் நிலைக்கு வந்தன. குழுவில் புதிதாகச் சேர்ந்த பேஸ் கலைஞர் அபி பிளக்வெலும் டிரம்ஸ் கலைஞர் ஷெரிடன் ரைலியும் அமெரிக்கர்கள். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டதும் மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்ய முடியவில்லை. மாதிரிப் பதிவு போனால் மெட்டு மட்டும் போவதில்லை. எந்த வேகம், எந்தச் சுருதி, எந்த இடத்தில் மூச்சு என்பதெல்லாம் கூடவே போய்விடும். ஆகவே பதிந்த அன்றிரவே ஒரு நகலைக் கணினியிலும் இன்னொன்றை வீட்டுக்கு வெளியேயும் வைப்பது நல்லது. நிலக்கீழ் அறையில் அம்ப்ளிஃபையரைத் தரையில் வைக்காமல் ஓரடி உயரத் தட்டில் வைக்க வேண்டும். நனைந்துவிட்டால், காய்ந்தது போலத் தெரிந்தாலும் உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. உள்ளே ஈரம் நின்றால் மின்கசிவு வந்து ட்ரான்ஸ்ஃபோமர் எரியும்.

'புளூ ரெவ்' என்ற மூன்றாவது அல்பத்துக்குத் தயாரிப்பாளர் ஷோன் எவரெட். மாதிரிப் பதிவுகளில் திட்டமிட்டதையெல்லாம் மறந்துவிட்டு வாசியுங்கள் என்றார் அவர். இரண்டாம் நாள் முழு அல்பத்தையும் முதலிலிருந்து கடைசிவரை இருமுறை வாசித்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் 15 விநாடி, முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் 30 நிமிடம், அவ்வளவுதான் ஓய்வு. யோசிக்க நேரம் கொடுத்தால் வாத்தியக்காரர் பிழைக்குப் பயந்து கையை அடக்கிவிடுவார். பிறகு அந்த ஒலியைச் செதுக்கவும் வேண்டுமென்றே கரடுமுரடாக்கவும் நீண்ட காலம் எடுத்துக்கொண்டார்கள். 7 ஒக்ரோபர் 2022இல் அல்பம் வந்தது. வருடங்கள் கழிந்தது தடங்கல்களிலும் தயாராவதிலும் செப்பனிடுவதிலும்தான். அடிப்படை வாசிப்பு ஒரே நாளில் முடிந்தது.

லொஸ் ஏஞ்சலிஸில் பதிந்த பாட்டு எப்படிக் கனடியப் பாட்டாகும் என்றும் கட்டுரை கேட்டிருந்தது. கனடிய வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளில் ஒரு பங்கு கனடியப் பாட்டாக இருக்க வேண்டும் என்ற விதி 1971இல் 30 சதவீதமாகத் தொடங்கிப் பின்னர் 35 ஆனது. மெட்டு, கலைஞர், பதிவு, வரிகள் என்ற நான்கில் இரண்டு கனடாவினுடையதாக இருந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. ஆல்வேஸின் லொஸ் ஏஞ்சலிஸ் பாட்டுகளுக்குப் பதிவு மட்டும்தான் தவறுகிறது. மற்ற மூன்றும் உண்டு. கனடியப் பாடகர் பிரையன் அடம்ஸின் 1991 அல்பம் சிக்கலில் மாட்டியது, கனடியர் அல்லாதவரோடு சேர்ந்து மெட்டும் வரியும் எழுதியதால். அதன்பிறகு அந்த விதி திருத்தப்பட்டது. இதில் மொழி பார்ப்பதில்லை, தமிழ்ப் பாட்டுக்கும் இதே அளவுகோல்தான். மெட்டும் வரியும் சென்னையிலிருந்து வந்தாலும், இங்குள்ள பாடகர் பாடி, முழுப் பதிவும் கனடாவில் நடந்தால் இரண்டு புள்ளி கிடைத்துவிடும். ஆனால் பின்னணி இசையைச் சென்னையில் முடித்து, குரலை மட்டும் ஸ்காபரோவில் ஏற்றினால் அது முழுப் பதிவாகாது. மிஞ்சுவது ஒரு புள்ளி. பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

எல்லை தாண்டி வாசிப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் காசுக்கு வாசிக்கும் கனடியக் குழுக்கள் இசைக்கலைஞர் சங்கத்தில் சேர்ந்து, அதன் வழியாகப் பி-2 என்ற அமெரிக்கத் தற்காலிக அனுமதியைப் பெறுவதே வழக்கம். நிகழ்ச்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒப்பந்தக் கடிதங்களோடு விண்ணப்பம் போக வேண்டும். 2024 ஏப்ரலில் கட்டணமும் ஏறியது. உல்லாசப் பயணி என்று சொல்லிக் கிற்றாரோடு போய் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டால், அந்தச் சுற்றுப்பயணம் மட்டுமல்ல, அடுத்த விண்ணப்பமும் சிக்கலாகும்.

கடைசியாக ஒரு திருத்தம். கனடாவின் சிறந்த அல்பத்துக்கு வருடந்தோறும் கொடுக்கப்படும் பொலாறிஸ் பரிசை ஆல்வேஸ் வென்றதாகக் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. மூன்று அல்பங்களும் 2015, 2018, 2023 ஆகிய வருடங்களில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றன. ஒருமுறையும் பரிசு கிடைக்கவில்லை. 2015இல் பரிசு பெற்றவர் பஃபி செயின்ட்-மரி (2025இல் அது திரும்பப் பெறப்பட்டது), 2018இல் ஜெரமி டச்சர், 2023இல் டெபி ஃபிரைடே. 'புளூ ரெவ்' 2023இல் ஜூனோவை வென்றது. அதிலுள்ள ஒரு பாட்டு 2024 கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ