முத்துலட்சுமிக்கு, வண்டியை அனுப்பும் முன்

நங்கநல்லூர்,
சென்னை.

அன்புள்ள முத்துலட்சுமிக்கு,

மாறுதல் உத்தரவு கைக்கு வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். "பாளையங்கோட்டைப் பிள்ளை இங்கேயே வந்துவிடுகிறாளா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு இடது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. காலையில் செய்தித்தாளை முழுவதும் தானே படித்துவிடுகிறாள். எனக்குப் பள்ளியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். உன் மகள் வேலூரில் விடுதி வாழ்க்கைக்குப் பழகிவிட்டாள் என்பது பெரிய நிம்மதி. நாம் இருவரும் விடுதியில் சேர்ந்த முதல் மாதம் அழுதது நினைவிருக்கிறதல்லவா?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் ஸ்கூட்டரைச் சென்னைக்குக் கொண்டுவரலாமா, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அண்ணன் விற்கச் சொல்கிறார், நீயும் பாதி மனத்தோடு தலையாட்டியிருக்கிறாய். நெல்லை வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கார் உன் முன்னால் திரும்பியதிலிருந்து சாவியை எடுக்கவே கை வரவில்லை என்கிறாய். நீ எழுதியதில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்: "அவர் என்னை நேராகப் பார்த்தார், பார்த்துக்கொண்டே திரும்பினார்." காயம் இல்லாமல் தப்பியது கடவுள் புண்ணியம். ஆனால் உன்னை மூன்று நாள் தூங்கவிடாமல் செய்தது இந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதர் தெரிந்தே உன் உயிரைப் பொருட்படுத்தவில்லை என்று நினைத்துவிட்டாய்.

அவர் உன்னைப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், முத்து. முகம் உன் பக்கம் இருந்திருக்கும், கண்ணும் உன் பக்கம் இருந்திருக்கும், ஆனாலும் நீ அவர் மனதில் பதிந்திருக்க மாட்டாய். 1999இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். சிலர் பந்தைக் கைமாற்றி விளையாடும் காட்சியைப் போட்டுக்காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் நடந்துவந்து, நின்று, மார்பில் தட்டிக்கொண்டு போகிறார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. திருப்பத்தில் நிற்கும் கார்க்காரரும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். பஸ் வருகிறதா, லாரி வருகிறதா, நடுவில் நுழைய இடம் கிடைக்குமா என்பதுதான் அவர் கணக்கு. அதில் ஸ்கூட்டர் சேரவில்லை. போதாததற்கு முன்பலகையில் ஒட்டிவைத்த கைபேசி வழி சொல்லிக்கொண்டிருக்கிறது.

கண்ணின் அமைப்பும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. நேர் எதிரே வரும் ஸ்கூட்டர் பார்ப்பவரின் பார்வையில் இடம் மாறுவதில்லை, அளவு மட்டும்தான் பெருகுகிறது. தொலைவில் இருக்கும்வரை அந்தப் பெருக்கம் மிக மெதுவானது. கிட்டே வந்த பிறகுதான் சட்டென்று பெரிதாகிறது. அதனால்தான் "எங்கிருந்தோ வந்து குதித்தது" என்று கார்க்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. இன்னொன்று, முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, அதன் பின்னால் ஒரு ஸ்கூட்டரும் அதை ஓட்டுபவரும் முழுதாக மறைந்துபோக முடியும். நீயும் மெதுவாக நகர்கிறாய், அந்தக் காரும் மெதுவாக நகர்கிறது என்றால் சில நொடிகள் அந்த மறைவிலேயே நீ பயணம் செய்யக்கூடும்.

இது நம் ஊர் மட்டும் படும் பாடு அல்ல. 1981இல் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வாகனக்காரர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. எதிரே வரும் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் கார் குறுக்கே திரும்புவதுதான் அவற்றில் அடிக்கடி கண்டது. அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால் அங்கே அது இடது திருப்பம், நமக்கு வலது திருப்பம். வண்ணார்பேட்டையில் உனக்கு நடந்ததும் அதுவேதான்.

அந்த மனிதருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. தவறு அவருடையதுதான். கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கும் வயிறு எரிகிறது. 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இதையெல்லாம் தெரிந்துதான் அண்ணன் பயப்படுகிறார், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்க்காத ஒருவரை நீ திருத்த முடியாது. அவர் பார்க்கவில்லை என்ற கணக்கிலேயே வண்டியை ஓட்ட முடியும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். அப்படி ஓட்டத் தொடங்கியபின் ஒருவர் குறுக்கே வந்தால் எனக்கு அதிர்ச்சி வருவதில்லை. அவர் வருவார் என்று ஏற்கெனவே நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சாலையில் நிதானத்தைத் தருவது இடைவெளி. பொறுமைசாலிகள் மட்டும்தான் நிதானமாக ஓட்டுவார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. என் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லும் கணக்கை உனக்கும் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு, புரிந்து, விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடியாவது ஆகும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே 11 மீட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்குகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கில் ஒரு பங்காகிறது. விரல்கள் ஏற்கெனவே இரண்டு பிரேக் மீதும் படிந்திருந்தால் அந்த முதல் நொடியிலும் கொஞ்சம் மிச்சமாகும். திருப்பம், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல் எது வந்தாலும் நான் விரலைப் பிரேக் மீது வைத்துவிடுகிறேன். இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுவார் என்பாய். நுழையட்டும், மறுபடி கொஞ்சம் பின்தங்கிக்கொள். நீ மடிப்பாக்கத்து வீட்டிலிருந்து கிண்டி அலுவலகம் போய்ச்சேர அதனால் கூடுவது ஓரிரு நிமிடம்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாயே, ஓட்டுநரின் முகத்தை நம்பாதே என்பதுதான் முதல் பதில். அவருடைய முன்சக்கரத்தைப் பார். இண்டிகேட்டர் போடாதவர் உண்டு, போட்டுவிட்டு மறுபக்கம் திரும்புபவரும் உண்டு, ஆனால் சக்கரம் திரும்பாமல் கார் திரும்பாது. ஆட்டோவுக்குப் பின்னால் போகும்போது ஆட்டோவை விட நடைபாதையைக் கவனி. யாராவது கை தூக்கினால் அடுத்த நொடி ஆட்டோ இடப்பக்கம் ஒடியும். ஷேர் ஆட்டோ இன்னும் மோசம், கை தூக்காமல் சும்மா நிற்பவருக்காகவும் நிற்கும். ஓரமாக நிறுத்திய காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒரு கதவின் அகலத்துக்கு மேலாகவே விலகிப் போ. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவிலுள்ள சந்தில் ஒருபோதும் நுழையாதே. ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உனக்குத் தெரியவில்லை என்றால், நீ அவருக்குத் தெரியவே மாட்டாய். தண்ணீர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எத்தனையோ பேரைக் காவு வாங்கியது அந்த உள்வெட்டுதான்.

எதிரே திரும்பக் காத்திருக்கும் காரைக் கண்டால் நான் இன்னொன்றும் செய்வேன். பின்னால் யாரும் ஒட்டிவரவில்லை என்று கண்ணாடியில் உறுதிசெய்துகொண்டு, என் தடத்துக்குள்ளேயே ஒரு அடி பக்கவாட்டில் நகர்வேன். இடம் மாறும் பொருள் கண்ணில் உடனே படும். முகப்பு விளக்கும் உதவும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அது தானாகவே எரிந்துகொண்டிருக்கும். உன்னுடையது அதற்கு முந்தைய வண்டி, பகலிலும் நீயே போட்டுக்கொள். "விளக்கு எரியுதும்மா" என்று வழியில் பத்துப் பேர் கை காட்டுவார்கள், புன்னகைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு.

எல்லாம் செய்தும் ஒருவர் உரசுவதுபோல வெட்டிக்கொண்டு போவார். அதன் பிறகு வரும் சில நிமிடங்களைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மார்பு படபடக்கும், கை நடுங்கும். கண் அந்த ஒரு காரின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், சுற்றி நடப்பது எதுவும் தெரியாது. அவரைத் துரத்திப்போய்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்கத் தோன்றும். அந்த நேரத்தில் நீயும் கவனிக்காத ஓட்டுநர்தான், முத்து. ஹாரனை ஒரு முறை சுருக்கமாக, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்காக மட்டும் அடி. அதற்கு மேல் அடிப்பதெல்லாம் கோபம், அது அவருக்கு எதையும் கற்பிக்காது. படபடப்பு அடங்கவில்லை என்றால் ஓரமாக ஒரு டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடி. தாமதமானதற்கு அலுவலகத்தில் யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள்.

உன் வழியைப் பற்றி: மேடவாக்கம் சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். சாலை குறுகி, வண்டிகள் ஒன்றையொன்று உரசாத குறையாகப் போகின்றன. தடுப்பு முடியும் இடத்தில் ஆட்கள் திடீரென்று வெளியே வருவார்கள். தெருவோரம் எதிர்த்திசையில் வரும் வண்டிகளும் அங்கே அதிகம். வேளச்சேரி உள்வட்டச் சாலை அகலமானது, அதனாலேயே எல்லோரும் பறக்கிறார்கள். விஜயநகர் பஸ் நிலையத்தருகே மேம்பாலம் ஏற வேண்டிய கார்கள் கடைசி நொடியில் நினைவு வந்து குறுக்கே பாய்வதுண்டு. அங்கே முன்கூட்டியே உன் தடத்தைப் பிடித்துக்கொள். சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் காருக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஓரமாக நில், பின்னால் வருபவர் நின்றுவிட்டாரா என்று கண்ணாடியில் பார், அதுவரை பிரேக் விளக்கை இரண்டு மூன்று முறை மினுக்கிக்கொண்டிரு. மழை நாளில் வண்டியை எடுக்கவே எடுக்காதே, பஸ்ஸில் வா. அந்த ஒரு விஷயத்தில் நான் அண்ணன் பக்கம்.

அதனால் விற்காதே, கொண்டுவா. நாற்பது வயதுக்கு மேல் நீயாகவே கற்றுக்கொண்டு ஓட்டிய வண்டி அது. யார் கையையும் எதிர்பார்க்காமல் போய்வரும் சுகத்தை ஒரு கார்க்காரருக்காக நீ விட்டுக்கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. புது ஹெல்மெட் மட்டும் வாங்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டை இறுக வேண்டும், தலையை ஆட்டினால் தனியாக ஆடக் கூடாது. புடவையில் ஓட்டும் நாளில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள். சுடிதார் என்றால் துப்பட்டாவைச் சட்டைக்குள் போட்டுக்கொள். பின்சக்கரத்தில் சிக்கினால் கார்க்காரர் யாரும் தேவையில்லை.

ரயிலில் அனுப்புவதென்றால் பார்சல் அலுவலகத்தில் பதிவுச் சான்றின் நகலும் உன் அடையாள அட்டையின் நகலும் கேட்பார்கள். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். சாக்கு வைத்துக் கட்டுபவர்கள் நிலையத்திலேயே இருப்பார்கள், பக்கக் கண்ணாடிகளைக் கழற்றித் தனியாக உன் பெட்டியில் வைத்துக்கொள், இல்லாவிட்டால் உடைந்துவிடும். பின் டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றிவிடு, உன் வண்டியைத் தெரிந்த மெக்கானிக் அங்கேதான் இருக்கிறார். எந்த நாள் வருகிறாய் என்று எழுது. வந்த முதல் ஞாயிறு விடியற்காலையில் மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி வரை நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வா. சாப்பாடு எங்கள் வீட்டில். அம்மா இப்போதே புளிக்குழம்புக்குச் சுண்டை வற்றல் எடுத்துவைத்துவிட்டாள்.

உன் அன்புத் தோழி,
சாந்தி