மனசு சரியில்லை என்று வரும் பெண்ணிடம் மாதவிடாய்த் தேதியையும் கேளுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் என் அக்கா மகளை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மாதத்தில் பத்து நாள் அழுகை, எரிச்சல், தூக்கமே இல்லை, செத்துடலாம் போல இருக்கு என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியாக எப்போது தேதி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் இதே பதில்தான். ஆனது, சரியாகவில்லை.

மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் மனசைப் புரட்டிப் போடும் பி.எம்.டி.டி. பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும், அதன் ஏற்ற இறக்கத்தை மூளை தாங்காது, அதனால் ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. எனக்குத் தைராய்டு, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வந்ததும் வீட்டில் இது திமிர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஓசூரில் மூன்று கம்பெனி வேலையை விட்டேன். மூன்று தடவையும் சூப்பர்வைசரிடம் கத்திவிட்டு, இனி வரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன், நாலாம் நாள் தேதி வந்தது, இரண்டு நாளில் மனசு தெளிந்தது, அப்புறம் காலை ஷிப்ட் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெங்களூரில் ஒரு மனநல மருத்துவர்தான் முதலில் தேதியைக் கேட்டார். இரண்டு மாதம் தினமும் காலண்டரில் குறிக்கச் சொன்னார். புள்ளிகள் எல்லாம் தேதிக்கு முந்தின பத்து நாளில் குவிந்து கிடந்தன, மற்ற கட்டங்கள் காலி. அதைப் பார்த்து என் மாமியாரே பேசாமல் போனார். இப்போது மாதத்தில் பாதி நாள் மட்டும் மாத்திரை, ஒரே வேலையில் இரண்டு வருஷமாக இருக்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து மாமியாருக்கு பிரஷர் பார்க்கிறார்கள், நல்ல விஷயம். அதே வீட்டில் இருக்கிற பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க முடியாதா? கர்ப்பமா என்று பார்க்க மட்டும்தான் தேதி வேண்டுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: மனசு சரியில்லை என்று வருகிறவளிடம் தேதியைக் கேளுங்கள், இரண்டு மாதத்துக்குக் கட்டம் போட்ட ஒரு தாளை ஓபி சீட்டோடு கொடுங்கள்.

அக்கா மகளுக்கு நானே நோட்டில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன், ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுக்கிறேன். நோட்டு நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வருவோம், தயவுசெய்து பிரித்துப் பாருங்கள்.