2024–25 ஆண்டறிக்கை: மாடி அறையும் ஜூம் லிங்க்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன ஆண்டுக்கூட்டத்துல ஒரு விஷயத்த முடிவு பண்ணாமலே விட்டோம், மாசக் கூட்டத்த நேர்ல நடத்துறதோட ஜூம்லயும் காட்டுறத தொடரணுமா, இல்ல கொரோனா போயி இவ்ளோ நாள் ஆச்சே நிறுத்திடலாமான்னு. ஒரு வருஷம் பாத்துட்டு செயலாளர் அறிக்கையில எழுதட்டும்னு சொன்னீங்க. அதனால இந்த வருஷ அறிக்கை வழக்கமான வரிசையில இல்லாம அந்தக் கேள்விய சுத்தியே போகும், கணக்கு வழக்கெல்லாம் பொருளாளர் அண்ணன் தனியா வாசிப்பாரு. என் கருத்த மொதல்லயே சொல்லிடுறேன், நிறுத்தக் கூடாது.

புதுசா வந்திருக்கவங்களுக்காக ரெண்டு வரி. அயர்லாந்துல இருக்குற கார்க் நகரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்த இடத்துல, இந்த ஊர்க்காரங்க என்ன கவிதை எழுதுறாங்க, எங்க வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசையில ஒண்ணு சேந்த தமிழ் ஆளுங்க நாம. மாசம் ஒரு ஐரிஷ் கவிஞர எடுத்துப் படிக்கிறோம், முடிஞ்சப்பல்லாம் ஊர்ல நடக்குற வாசிப்புக்கும் போறோம். அவ்ளோதான் நம்ம வேலை.

ஊர்ல நடக்குறதுன்னா மொதல்ல ஓ வேல்ங்கிற கவிதை வாசிப்பு நிகழ்ச்சிதான். 2007ல பால் கேசி ஆரம்பிச்சது, வின்த்ராப் தெருவுல இருக்குற லாங் வேலி பப்போட மாடியிலதான் வருஷக்கணக்கா நடந்துச்சு, கீழ ஆளுங்க சாண்ட்விச் சாப்ட்டுக்கிட்டு பேசிக்கிட்டு இருப்பாங்க, படி ஏறினா மேல கவிதை. ஆரம்பத்துலயே கூட்டத்துக்கிட்ட இருந்து அஞ்சு வார்த்தை வாங்குவாங்க, அந்த அஞ்சும் வர்ற மாதிரி கால் மணி நேரத்துல ஒரு கவிதை எழுதி அங்கயே எந்திரிச்சு வாசிக்கணும். அப்புறம் அழைப்பு கொடுத்து வரவச்ச கவிஞர், அதுக்கப்புறம் ஓப்பன் மைக், அதாவது வந்தவங்க யாரு வேணும்னாலும் எந்திரிச்சு வாசிக்கலாம். இதே அஞ்சு வார்த்தைய அவங்க ஆன்லைன் போட்டியாவும் நடத்துறாங்க, புதுசா அஞ்சு வார்த்தை போடுவாங்க, எழுதி அனுப்ப ஒரு வாரம் டைம், எந்த ஊர்ல உக்காந்தும் அனுப்பலாம். கார்க்கும் இங்கிலாந்துல இருக்குற கவென்ட்ரியும் சகோதர நகரங்கங்கிறதால அந்த ஊர் கவிஞருங்க இங்க வந்து வாசிக்கிறதும் இங்க இருந்து அங்க போறதும் ஓ வேல் மூலமா நடந்துக்கிட்டிருக்கு. நான் இத ஏன் நீட்டிச் சொல்றேன்னா, ஒரு பப் மாடியில நாலு சுவத்துக்குள்ள நடக்குறத வெளியூருக்குத் திறந்து விட்டா உள்ள இருக்குற கூட்டம் குறையும்னு நம்மள்ல சிலர் போன வருஷம் பயப்பட்டாங்க. ஓ வேல்ல அப்படி ஒண்ணும் ஆகல. வெளிய இருந்து எழுதி அனுப்பினவங்க ஊருக்கு வந்தா தேடிப்புடிச்சு படி ஏறி வர்றாங்க.

நம்ம கூட்டத்துலயும் இதத்தான் பாத்தேன். மேலோ பக்கம் நர்ஸா இருக்குற நம்ம தங்கச்சி, நைட் ட்யூட்டி இருக்கிறதால ஜூம்லதான் வருவாங்க, கேமராவ ஆஃப் பண்ணி வச்சுட்டு ஒரு வார்த்தையும் பேசாம கேட்டுட்டுப் போவாங்க. கொஞ்ச கொஞ்சமா சாட்ல எழுத ஆரம்பிச்சாங்க, அப்புறம் மைக்க ஆன் பண்ணாங்க, கடைசியில லீவு போட்டுட்டு கார்க்குக்கு வந்து முன்பின் தெரியாத ஐரிஷ்காரங்க முன்னாடி ஓப்பன் மைக்ல சொந்தக் கவிதைய வாசிச்சாங்க, மொதல்ல தமிழ்ல, அப்புறம் இங்கிலீஷ்ல. கைதட்டல் ரெண்டு தடவையும் ஒரே அளவு இருந்துச்சு. அந்த லிங்க் இல்லன்னா அவங்க அந்த மேடைக்கு வந்திருக்கவே மாட்டாங்க, இது என் உறுதியான நம்பிக்கை.

கால்வேக்குப் போயிட்டு வந்தது இந்த வருஷத்துல மனசுக்கு நெறைவான விஷயம். அங்க ஓவர் தி எட்ஜ்னு ஒரு வாசிப்பு வரிசை, 2003ல கெவின் ஹிக்கின்ஸும் அவரு மனைவி சூசன் மில்லர் டுமார்ஸும் ஆரம்பிச்சது, கால்வே சிட்டி லைப்ரரியில நடக்கும். மூணு பேரு ஃபீச்சர்ட் ரீடரா, அதாவது கூப்பிட்டு வரவச்ச ஆளா வாசிப்பாங்க, அதுக்கப்புறம் ஓப்பன் மைக். அந்த வரிசைய நல்லா கவனிங்க. புதுசா எழுதுறவங்க தன் டர்ன் வர்ற வரைக்கும் உக்காந்து மூணு பேர முழுசா கேட்டே ஆகணும். இன்னைக்கு ஓப்பன் மைக்ல ரெண்டு கவிதை வாசிக்கிறவர இன்னொரு நாள் ஃபீச்சர்ட் ரீடரா கூப்புடுவாங்க, அங்கயிருந்து பத்திரிகை, அப்புறம் புத்தகம்னு போனவங்க நெறைய பேர் இருக்காங்க. காலேஜ்ல கவிதை கோர்ஸ் படிக்க வசதி இல்லாதவனுக்கு அந்த லைப்ரரி ஹால்தான் காலேஜ். கெவின் ஹிக்கின்ஸ் 2023 ஜனவரியில காலமாயிட்டாரு, அவரப் பாக்காமலே போயிட்டோமேன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான். கொரோனா நேரத்துல அவங்களும் ஜூம்ல நடத்துனாங்க, அப்ப கால்வேய கண்ணால பாத்திராதவங்ககூட அங்க வாசிச்சாங்க.

2025 ஜனவரி நமக்கு ரொம்பக் கஷ்டமான மாசம். 22ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் கவிஞர் மைக்கேல் லாங்லி இறந்துட்டாரு, வயசு 85. 1994 ஆகஸ்ட் கடைசியில, வட அயர்லாந்துல பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து ஆயுதம் எடுத்த ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவிச்ச சில நாள்லயே ஐரிஷ் டைம்ஸ்ல வந்த அவரோட கவிதைய நாம போன வருஷமே படிச்சோம், ஞாபகம் இருக்கும், பழைய கிரேக்கக் கதையில தன் மகனக் கொன்ன அக்கிலிஸ்கிட்டயே மகன் உடலக் கேட்டுப் போய் நிக்கிற கிழட்டு ராஜா ப்ரயாமோட கதைய பதினாலு வரியில சொல்லியிருப்பாரு. சண்டையில புள்ளையப் பறிகொடுத்த வீடுங்க ரெண்டு பக்கமும் இருந்த ஊர்ல அத ஒரு பேப்பர்ல போட எவ்ளோ தைரியம் வேணும். அவருக்கு அஞ்சலிக் கூட்டம் அந்த வார இறுதியில வைக்கலாம்னு குரூப்ல பேசி முடிச்சோம், 24ஆம் தேதி எயோவின் புயல் வந்துடுச்சு. நாடு பூரா ரெட் வார்னிங், கால்வே பக்கம் மேஸ் ஹெட்ல காத்து மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல அடிச்சுது, 7 லட்சத்து 68 ஆயிரம் வீடு கடைங்களுக்கு கரண்ட் போச்சு. மேற்குப் பக்கம் இருந்த நம்ம உறுப்பினர் ஒருத்தரு ஃபோன் சார்ஜ் போடக்கூட கார்லதான் உக்காந்தாரு. ஆன்லைன மட்டும் நம்பியிருந்தா என்ன ஆகும்னு அந்த வாரம் நல்லாவே தெரிஞ்சுது, அதையும் நான் மறைக்காம சொல்லணும். கரண்ட் வந்து எல்லாரும் ஒரு நிலைக்கு வந்தப்புறம் அஞ்சலிக் கூட்டத்த நேர்லயும் லிங்க்லயும் சேத்தே வச்சோம், இந்த வருஷத்துல ஆள் அதிகமா வந்த கூட்டம் அதுதான்.

மே 17ஆம் தேதி கவிஞர் பால் டர்க்கனும் இறந்துட்டாரு. டப்ளின்ல 1944ல பொறந்தவரு, அவரு கவிதைய கண்ணால படிக்கிறது பாதிதான், அவரு குரல்ல கேக்கணும். அதனால அவருக்காக வச்ச கூட்டத்துல யாரும் கட்டுரை வாசிக்கல, அவரோட ரெக்கார்டிங்க போட்டுக் கேட்டோம். லாங்லி, டர்க்கன் ரெண்டு பேருமே அயர்லாந்து கவிதைப் பேராசிரியர் பொறுப்புல இருந்தவங்க, ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனிக்கு நோபல் பரிசு கெடைச்சத ஒட்டி 1998ல ஏற்படுத்துன பதவி அது, ஒவ்வொரு கவிஞரும் மூணு வருஷம்.

மே மாசம் கில்க்ரே போனதப் பத்தி எழுத எனக்கு இன்னும் ஆசை இருக்கு. கார்க் நகரத்துக்கு மேற்கால இருக்குற பழைய இடிஞ்ச மடாலயம், 1465ல கட்டுனது, உள்ள ஆர்ட் ஓ'லியரியோட கல்லறை. 26 வயசுல 1773 மே 4ஆம் தேதி காரிகனிமாகிட்ட அவர சுட்டுக் கொன்னாங்க. அப்ப இருந்த சட்டத்துல ஒரு கத்தோலிக்கர் அஞ்சு பவுண்ட் பணத்துக்கு மேல மதிப்புள்ள குதிரை வச்சிருக்கக் கூடாது, ப்ராட்டஸ்டன்ட் ஒருத்தரு அஞ்சு பவுண்ட நீட்டிக் கேட்டா கொடுத்துடணும். இவரு கொடுக்க மாட்டேன்னுட்டாரு. அவரு மனைவி ஐலீன் ஓ'கானல் அவருக்காகப் பாடுன ஒப்பாரி, அப்படித்தான் சொல்லணும், வாய்வழியா பல வருஷம் உயிரோட இருந்து அப்புறம்தான் காகிதத்துல ஏறுச்சு. குதிரை ரத்தத்தோட தனியா வீட்டுக்கு வர்றதும், அவ அதுல ஏறிப் போறதும், அவன் ரத்தத்த கையால அள்ளிக் குடிக்கிறதும் அதுல வருது. கல்லறைகிட்ட நின்னு பாண்டியம்மா அத்தை, எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எப்பவும் சொல்வாங்களே, மகள் மொழிபெயர்த்துச் சொன்னதக் கேட்டுட்டு அவங்க ஊர்ல புருஷன் செத்தா பாடுற பாட்டு நாலு வரி பாடுனாங்க. அன்னைக்கு கால்வலியால வண்டியில வர முடியாத ரெண்டு பேருக்காக ஃபோன்ல வீடியோ கால் போட்டு வச்சிருந்தோம், அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு.

ஐரிஷ் மொழியிலயே எழுதுறவங்களையும் இந்த வருஷம் எடுத்தோம். நூலா நீ கோனல் ஐரிஷ்ல மட்டும்தான் கவிதை எழுதுவாங்க, இங்கிலீஷ்ல மொழிபெயர்க்க ஹீனி, பால் மல்டூன் மாதிரி பெரிய ஆளுங்களே வரிசையா வந்தாங்க. 2022 சென்சஸ்ல 18 லட்சம் பேருக்கு மேல ஐரிஷ் தெரியும்னு சொல்லியிருக்காங்க, ஆனா பள்ளிக்கூடத்துக்கு வெளிய தெனம் பேசுறவங்க 71,968 பேருதான். அந்த 71,968 பேரும் ஒரே ஊர்ல இல்ல, டனிகால், கனமாரா, கெர்ரின்னு செதறிக் கெடக்காங்க. அவங்கள்ல ஒருத்தரு ஒரு கவிதை எழுதினா அத உடனே படிச்சு கருத்து சொல்ற ஆளு பக்கத்து ஊர்ல இல்லாம இருக்கலாம், ஃபோன்ல இருப்பாங்க. சின்ன மொழிக்கு இந்த இணைப்பு சோறு தண்ணி மாதிரின்னு எனக்குத் தோணுது.

இணையத்தால ஒரு சண்டையவே ஜெயிக்கலாம்னு காட்டுனது 2017ல நடந்த ஃபயர்டு இயக்கம், இதப் பத்தி தலைவர் அக்கா பேசுன கூட்டம் நல்லா இருந்துச்சு. 1991ல ஃபீல்ட் டே தொகுப்புன்னு மூணு பெரிய வால்யூம் வந்துச்சு, அயர்லாந்து எழுத்து மொத்தமும் இதுல இருக்குன்னாங்க, பொண்ணுங்க எழுதுனது அதுல கொஞ்சூண்டுதான். எதிர்ப்பு கெளம்புனதால 2002ல பெண்களுக்குன்னே இன்னும் ரெண்டு வால்யூம் போட்டாங்க. அப்படியும் 2017ல கேம்ப்ரிட்ஜ்ல இருந்து ஐரிஷ் கவிஞர்கள் பத்தி வந்த புத்தகத்துல 30 பேருக்கு கட்டுரை, அதுல பெண்கள் 4 பேருதான். அப்ப பெண் கவிஞருங்க ஆன்லைன்ல கூடி ஒரு உறுதிமொழி எழுதி, பெண்களுக்கு உரிய இடம் இல்லாத தொகுப்புலயும் விழாவுலயும் கலந்துக்க மாட்டோம்னு கையெழுத்து போட்டாங்க. மறந்துபோன பழைய பெண் கவிஞருங்க கவிதைங்கள தேடி எடுத்து ஊர் ஊரா வாசிப்பு வச்சாங்க. ஆன்லைன்ல ஆரம்பிச்சு மறுபடியும் ஹாலுக்குத்தான் வந்து நின்னுச்சு, அது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்.

இந்த இணைப்பு வேலைய தனி ஆளா செஞ்சவங்களும் உண்டு. பிலிப் கேசின்னு ஒரு கவிஞர், நாவலாசிரியர், 1999லயே ஐரிஷ் எழுத்தாளர்கள் யாரு யாருன்னு ஆன்லைன்ல ஒரு விவரத் தொகுப்ப ஆரம்பிச்சு வருஷக்கணக்கா வளத்தாரு, 2018ல இறந்துட்டாரு. கூகுளே அப்பதான் பொறந்து தவழ்ந்த காலம். இப்ப நெலமை வேற, தகவல் நெறைய இருக்கு ஆனா எங்க இருக்குன்னு தெரியல. 2024 கடைசியில எழுத்தாளருங்க பல பேரு எக்ஸ், அதாவது பழைய ட்விட்டர விட்டுட்டு ப்ளூஸ்கைக்குப் போயிட்டாங்க, சில பேரு இன்ஸ்டாவுல மட்டும், சில பேரு ஃபேஸ்புக்ல மட்டும், மெயில் லிஸ்ட்ல மட்டும்தான் அறிவிப்பு போடுற ஆளுங்களும் இருக்காங்க. நல்ல வாசிப்பு ஒண்ணு ரெண்டு தெரு தள்ளி நடந்து முடிஞ்சப்புறம் நமக்குத் தெரிய வந்தது இந்த வருஷம் ஒரு தடவைக்கு மேல நடந்துச்சு. அதனால நம்ம வாட்ஸப் குரூப்ல காலை வணக்கம் ஃபார்வர்ட் வேண்டாம்னு திரும்பவும் கேட்டுக்கிறேன், அதுல வாசிப்பு அறிவிப்பும் கவிதையும் மட்டும் இருக்கட்டும்.

மத்ததெல்லாம் சுருக்கமா. அயர்லாந்து கவிதை நாளுக்கு லைப்ரரியில ஒரு மேசை போட்டு உக்காந்தோம், வந்தவங்களுக்கு கவிதை அச்சடிச்சுக் கொடுத்தோம். லைப்ரரியில மெம்பர் ஆகக் காசு கெடையாது, 2019ல இருந்து லேட் ஃபைனும் கெடையாது, இன்னும் கார்டு வாங்காதவங்க தயவுசெஞ்சு வாங்குங்க, நாம படிக்கிற புத்தகத்த எல்லாம் வெல கொடுத்து வாங்க வேண்டியதில்ல. டக்ளஸ் தெருவுல எழுத்தாளர் ஃப்ராங்க் ஓ'கானர் வீட்டுல இருக்குற மன்ஸ்டர் இலக்கிய மையம் நடத்துற கார்க் சர்வதேச கவிதை விழாவுக்கும் போனோம், அடுத்த வருஷம் முன்கூட்டியே லீவு சொல்லி வச்சுட்டு முழுசா உக்காரணும்.

இப்ப தீர்மானத்துக்கு வர்றேன். மாசக் கூட்டத்துக்கு ஹாலும் லிங்க்கும் ரெண்டும் இருக்கணும், ஓப்பன் மைக்ல ஜூம்ல இருக்கவங்களுக்கு கடைசியில மிச்சம் இருந்தா பாக்கலாம்னு இல்லாம ஒரு ஆள் ஹால்ல ஒரு ஆள் லிங்க்லன்னு மாத்தி மாத்தி டர்ன் கொடுக்கணும். ஹால்ல பேசுறது லிங்க்ல இருக்கவங்களுக்கு சரியா கேக்கலங்கிறது வருஷம் பூரா வந்த புகாரு, நியாயமான புகாரு, அதுக்கு ஒரு நல்ல மைக் வாங்க அனுமதி கேக்குறேன். லிங்க்க பாத்துக்க தனியா ஒரு ஆள் வேணும், இப்ப வரைக்கும் கூட்டத்த நடத்துறவங்களே அதையும் பாக்குறாங்க, ரெண்டுமே ஒழுங்கா நடக்க மாட்டேங்குது. கையத் தூக்குறவங்க இப்பவே தூக்குங்க, அடுத்து பொருளாளர் அண்ணன் கணக்கு வாசிப்பாரு, மைக்குக்கு என்ன வெல ஆகும்னும் அவரு விசாரிச்சு வச்சிருக்காரு.